தேய்வதைக் கை அறியாது: மலைச் சைக்கிளின் டிஸ்க் பிரேக் பேட்

மலைச் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ரோட்டர் என்ற எஃகுத் தகட்டை இரு பக்கமும் இரண்டு பேட்கள் கவ்விப் பிடிக்கின்றன. ஒவ்வொரு பேடும் ஓர் உலோகப் பின்தகடும் அதன்மேல் பதித்த உராய்வுப் பொருளும் சேர்ந்தது. புதிய பேடில் இந்த உராய்வுப் பொருளின் கனம் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது 0.5 மில்லிமீட்டராகக் குறைந்ததும் மாற்றிவிட வேண்டும் என்கிறது பிரேக் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம். பின்தகட்டையும் சேர்த்து மொத்தக் கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது இன்னொரு தயாரிப்பாளரான ஸ்ராம் வைத்திருக்கும் அளவு. ஆக, மலையிறங்குபவருக்குச் செலவழிக்கக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இந்த ஒன்றரை மில்லிமீட்டர் சுமக்கும் வேலை பெரிது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் குறைகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 16 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்கின்றன. மீதி முழுவதும் கொண்டை ஊசி வளைவுகளில் பேடுக்கும் ரோட்டருக்கும் இடையில் வெப்பமாகிறது. மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வடகிழக்குப் பருவமழையின்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் சேறும் மணலும் ரோட்டரில் ஒட்டி அரைக்கும். கோடையில் பல மாதம் உழைத்த அதே வகைப் பேட், நனைந்த மணல் பாதையில் ஒரே நாளில் தீர்ந்துபோவதும் உண்டு. 'இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று கடையில் சொல்லும் கணக்கு மலையில் செல்லாது.

பேடில் இரண்டு வகை முக்கியமானவை. ரெசின் பேட் என்ற ஆர்கானிக் வகையில், நார்களும் பிற பொருள்களும் பிசினால் இறுக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், சத்தமும் குறைவு. ஆனால் ஈரத்திலும் அதிக வெப்பத்திலும் வேகமாகத் தேயும். மெட்டல் அல்லது சின்டர்டு வகை, உலோகத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது. சேற்றையும் நீண்ட இறக்கத்தையும் தாங்கும். சத்தம் போடும், பேட்களையும் அவற்றைத் தள்ளும் பிஸ்டன்களையும் தாங்கும் கேலிப்பருக்கு வெப்பத்தைக் கூடுதலாகக் கடத்தும். மழையில் மலையிறங்குபவர் சத்தத்துக்குப் பயந்து ரெசினுக்குப் போவது தவறான தேர்வு. சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரம் அழியும்.

பேட் விஷயத்தில் அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு ஒன்று உண்டு: தேய்மானத்தை லீவரை அழுத்திப் பார்த்து முடிவு செய்வது. கேபிள் பிரேக்கில் இந்த வழி ஓரளவு பயன்படும். பேட் தேயத் தேய லீவர் கைப்பிடியை நெருங்கிக்கொண்டே வரும். கை அதை உணரும். ஆயில் பிரேக்கின் அமைப்பு வேறு. கேலிப்பருக்குள் ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றிச் சதுர வெட்டு கொண்ட ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. லீவரை இழுத்ததும் பிஸ்டன் முன்னே வர, வளையமும் அதோடு சற்று முறுக்கிக்கொள்ளும். விட்டதும் வளையம் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் சிறிது பின்னுக்கு இழுத்துவிடும். பேட் தேய்ந்திருந்தால் பிஸ்டன் வளையத்தில் வழுக்கிக் கூடுதலாக முன்னே வந்து அங்கேயே நிற்கும். பின்னால் காலியான இடத்தை லீவரில் உள்ள சிறு தொட்டியின் ஆயில் நிரப்பும். அதனால் பேடில் 2 மில்லிமீட்டர் இருந்தாலும் அரை மில்லிமீட்டர் இருந்தாலும் லீவர் ஒரே மாதிரிதான் நிற்கும்.

உராய்வுப் பொருள் தீர்ந்த பிறகு நடப்பது வரிசையாக நடக்கும். முதலில் இரண்டு பேட்களையும் விரித்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங்கின் நுனி ரோட்டரில் உரசும். அடுத்துப் பின்தகடு நேரடியாக எஃகைப் பிடிக்கும். 'நறநற' என்ற சத்தம் வரும், நிற்கும் தூரம் சட்டென்று கூடும், ரோட்டரில் வட்ட வட்டமாகக் கோடு விழும். இடையில் பொருள் இல்லாததால் வெப்பம் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் நேராகப் போகும். பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்தால் வளையத்தைத் தாண்டி ஆயில் கசியும். அப்போது பிரேக் முழுவதுமாகக் கைவிடும். ஒரு ஜோடி பேடில் முடிந்திருக்க வேண்டிய செலவு ரோட்டர், கேலிப்பர் என்று பல மடங்காகும். அது மலைப்பாதையில் நடந்தால் கணக்கு பணத்தோடு நிற்காது. பேடைக் கழற்றிப் பார்க்காமல், 'லீவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, இன்னும் ஓடும்' என்று சொல்லி வண்டியைத் திருப்பித் தருவது சர்வீஸே அல்ல.

பார்க்க வேண்டியது கண்ணால்தான். சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, டார்ச் அடித்தால் இரண்டு பேட்களின் ஓரமும் தெளிவாகத் தெரியும். வெளிப்பக்கம் உலோகத் தகடு, உள்பக்கம் கருத்த உராய்வுப் பொருள். உராய்வுப் பொருள் பின்தகட்டை விட மெலிந்து தெரிந்தால், கழற்றி அளந்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும். ரோட்டரையும் அளக்க வேண்டும். ஷிமானோவின் ரோட்டர் 1.8 மில்லிமீட்டரில் தொடங்கி 1.5-க்கு வந்தால் கழிக்கப்பட வேண்டியது.

கழற்றிய பேட் வேறு செய்திகளும் சொல்லும். ஒரு முனை மெலிந்து மறுமுனை கனமாக இருந்தால் கேலிப்பர் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் ஒன்று சிக்கியிருக்கலாம். மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்தால், பிரேக்கை விடாமல் மெல்லப் பிடித்தபடியே இறங்கியதால் சூடேறி இறுகிவிட்டது என்று பொருள். அதை உப்புத்தாளில் தேய்த்து மீட்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுவதுமாக விட்டு ஆறவிடுவதே சரியான முறை. செயின் ஆயிலோ பிரேக் ஆயிலோ ஊறிய பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அடுப்பில் சுடுவது போன்ற வைத்தியங்களை நம்பி மலையிறங்கக் கூடாது.

மாற்றும் வேலை எளிது. பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிஸ்டன்களைச் சமமாகப் பின்னே தள்ளி, பேடைக் கழற்றி, பிஸ்டனைச் சுற்றி ஒட்டிய அழுக்கைத் துடைத்து, புதியதைச் செருகிப் பின்னை மாட்ட வேண்டும். அழுக்கு அதிகமாக இருந்தால், தள்ளுவதற்கு முன்பே துடைப்பது அவசியம். பேட் இல்லாதபோது லீவரை அழுத்தக் கூடாது. தேய்ந்த பேட் இருந்தபோது யாராவது ஆயிலை நிரப்பியிருந்தால் பிஸ்டன் பின்னே போக மறுக்கும். கூடுதல் ஆயிலை வெளியேற்றிய பிறகே தள்ள வேண்டும். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். கேலிப்பருக்குக் கேலிப்பர் பேடின் வடிவம் மாறுவதால், அதே வடிவத்தில் இன்னொரு ஜோடி பையில் இருக்க வேண்டும்.

கடைசி வேலை, புதிய பேடைப் பழக்குவது. சமதளத்தில் மிதமான வேகமெடுத்து, நடைவேகம் வரும்வரை சீராக அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட வேண்டும். இப்படி இருபது முறை செய்து, இன்னும் கொஞ்சம் வேகத்தில் பத்து முறை செய்தால் பேடின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாகப் படியும். முழுப் பிடிமானம் அந்தப் படலம் படிந்த பிறகே கிடைக்கும் என்பதால், இதை முடிக்காமல் மலையிறங்கக் கூடாது.