ஏழாம் பக்கத்து ‘ஆகவே’

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மடிக்கணினியை ஆராய்ந்து தம்பி எழுதிய முதல் அறிக்கை கைக்கு வந்தது. வட்டை நகலெடுப்பது, ஹாஷ் குறிப்பது எல்லாம் தம்பிக்குத் தெரிந்த பாடம். இந்தக் கடிதம் ஏழாம் பக்கத்து அட்டவணையைப் பற்றியது. ‘என்ட்ரோப்பி 7.9, ஆகவே மறையாக்கம் செய்யப்பட்டவை’ என்று 14 கோப்புகள் அதில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று கல்யாண வீடியோ!

அந்த ‘ஆகவே’தான் உறுத்துகிறது.

திரும்பத் திரும்ப வருவதை நீக்குவதுதான் சுருக்கம். நீக்கியபின் மிஞ்சும் பைட்டுகள் கலைந்துதான் கிடக்கும். ஜிப், ஜேபெக், எம்பி4 எதுவானாலும், அந்தக் கலைவை அளக்கும் என்ட்ரோப்பி 7.9ஐத் தொடுவது இயல்பு. மறுபக்கம், 100 பைட் கோப்பை எவ்வளவு பலமாகப் பூட்டினாலும் அதன் எண் 6.65ஐ எட்டாது, அதற்குப் பைட்டுகளே போதாது. தம்பியின் சல்லடையில் நிரபராதி மாட்டுகிறான், பூட்டிய சின்னக் கோப்பு நழுவிப்போகிறது.

ஹெக்ஸ் எடிட்டரில் முதல் வரியைப் பார்த்திருந்தால் போதுமே! வீடியோவில் நான்கு பைட் தள்ளி ‘எஃப்டிஒய்பி’ என்று எழுதியிருக்கும். ஜிப் கோப்பு ‘பிகே’ என்று தொடங்கும். 1989இல் பிகேஜிப்பை வெளியிட்ட ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. சாதாரண வேர்டு டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான், அதுவும் ‘பிகே’தான். அதற்கே கடவுச்சொல் போட்டால் தொடக்கம் 208, 207 என்று மாறிவிடும். அட்டவணையில் இரண்டு வகையும் இருக்கின்றன. தம்பி இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார். பூட்டிய ஜிப்பில்கூட உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் வெளியே தெரியும். அவற்றையும் குறிக்கவில்லை.

ஃபிளாப்பி காலத்தில் இதை எழுதுபவர் ஓர் அலுவலகத்துக் கோப்போடு இரண்டு இரவுகள் மல்லுக்கட்டினார். திறந்தால் கிறுக்கல். பூட்டு என்றே முடிவுகட்டி, கடவுச்சொல்லாக எதையெதையோ போட்டுப் பார்த்தார். கடைசியில் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சிய தமிழ்க் கடிதம். உரிய எழுத்துருவை நிறுவியதும் ‘ஐயா, வணக்கம்’ என்று திரையில் நின்றது. சில பைட்டுகள் மட்டும் அடிக்கடி திரும்பி வந்ததை முதல் இரவே கவனித்திருக்க வேண்டும். நல்ல மறையாக்கத்தில் அப்படி வராது. இன்றைய யூடிஎஃப்-8 தமிழில் இது இன்னும் வெளிப்படை: ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175.

பன்னிரண்டாம் கோப்பின் குறிப்பு மட்டும் அபாரம். அடையாளப் பைட்டுகள் இல்லை, அளவு 512ஆல் மீதியின்றி வகுபடுகிறது, எங்கும் ஒரே சீரான கலைவு. வெராகிரிப்ட் நிரல் மறையாக்கிய கொள்கலன் இப்படித்தான் இருக்கும். வெறும் தற்போக்குப் பைட்டுகளை நிரப்பிய கோப்பும் இப்படித்தான் இருக்கும். ‘கொள்கலனாக இருக்கலாம், உறுதியில்லை’ என்று அங்கே தம்பி எழுதிய வரியைப் பல வருட அனுபவக்காரர்களும் எழுதத் தயங்குவார்கள். அதே நிதானம் மற்ற பதின்மூன்றுக்கும் கிடைக்கவில்லையே!

ஜான் வாக்கரின் ‘என்ட்’ நிரலில் கை-வர்க்கச் சோதனையையும் ஓட்டவும். தற்போக்கானதற்கு விடை 255ஐ ஒட்டி வரும். சுருக்கிய கோப்புக்குப் பெரும்பாலும் அதைவிட மிகப் பெரிதாக வரும்.

அந்தக் கணினிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். ‘மறையாக்கம்’ என்ற சொல்லைப் படிக்கிறவர்கள் அவர் எதையோ ஒளித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அறிக்கை வழக்கறிஞர் கைக்குப் போகுமுன் அந்த அட்டவணையைச் சுருக்கியவை, பூட்டியவை, சொல்ல முடியாதவை என்று மூன்றாகப் பிரித்து எழுதி அனுப்பவும்.