காதால் கேட்டு வாங்குபவர்களுக்காக

நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் செய்திகளைத் தமிழில் பேசும் பாட்காஸ்ட் நடத்துகிறோம். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, போன், விலையேற்றம் என்று பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. எங்களைக் கேட்பவர்களில் பலர் விரைவில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் செலவழிக்கப் போகிறவர்கள்: மகளின் கல்லூரி லேப்டாப்புக்குப் பணம் சேர்த்த அப்பா, முதல் சம்பளத்தில் பிசி அசெம்பிள் செய்ய நினைக்கும் இளைஞர். அந்தப் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்ற எண்ணமே எங்கள் பேச்சை நடத்துகிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

அறிவிப்பு வேறு, சோதனை வேறு

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 4090 கார்டின் வேகத்தைத் தரும் என்றார். 4090 கார்டு 2022இல் 1,599 டாலருக்கு வந்தது. கேட்டதும் வாங்கத் தோன்றும் செய்திதான். ஆனால் அந்த ஒப்பீடு டிஎல்எஸ்எஸ் 4 வசதியைச் சேர்த்துச் சொன்னது. கார்டு தானே வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று ஃபிரேம்கள் வரை ஏஐ உருவாக்கிச் சேர்க்கும். திரையில் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். மவுஸ் அசைவுக்கு கேம் பதில் தரும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. மெமரியும் 4090இல் 24 ஜிபி, 5070இல் 12 ஜிபி. மார்ச்சில் விமர்சகர்கள் அந்த வசதி இல்லாமல் சோதித்தபோது 5070 நன்றாகவே பின்தங்கியது.

அதனால் எந்தச் செய்தியைத் தொட்டாலும் மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இதைச் சொன்னது யார், எந்த அமைப்பில் அளந்தார்கள், பொருள் கடைக்கு வந்துவிட்டதா.

ஒரே ஒரு எண், அதற்கு ஒரு பொருள்

வீடியோவில் வரைபடம் காட்டலாம். பாட்காஸ்ட் கேட்பவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். ஐந்து கார்டுகளின் ஃபிரேம் கணக்கை வரிசையாக வாசித்தால் எதுவும் மனதில் நிற்காது. அவருக்குப் பயன்படும் ஒரு எண்ணை மட்டும் எடுத்து, அது எதற்கு உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாடல் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் 7520யு, 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. 7530யு ஸென் 3. 7540யு ஸென் 4. “இந்த 7000 வரிசை லேப்டாப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்” என்று சொன்னால் போதும். கடையில் நிற்கும்போது அந்த ஒரு வாக்கியம் ஞாபகத்துக்கு வரும்.

காரணத்தைச் சொல்லுங்கள்

2025 இறுதியில் ரேம் விலை எகிறியபோது வந்த கேள்வி ஒன்றுதான்: அடுத்த மாதம் குறையுமா? ஜோசியம் சொல்வதைவிடக் காரணத்தை விளக்குவது மேல். உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றும்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. டிசம்பரில் மைக்ரான், நாம் கடையில் வாங்கும் க்ரூசியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தது. புதிய சிப் ஆலை கட்டப் பல ஆண்டுகள் ஆகும். இவ்வளவும் தெரிந்தால், காத்திருப்பதா வாங்குவதா என்று கேட்பவரே முடிவெடுப்பார்.

வீட்டில் இருக்கும் மெஷினும் செய்திதான்

புதுப் பொருளைப் பற்றிப் பேசுவது சுலபம். ஆனால் எங்களுக்கு அதிகம் நன்றி வந்தது பழைய மெஷின்களைப் பற்றிப் பேசியதற்குத்தான். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மீறிய வோல்டேஜ் ஏறி, கேம்கள் அடிக்கடி கிராஷ் ஆயின. 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் தந்தது; வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்தத் திருத்தம் மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரைச் சரிசெய்யாது. ஆகவே இரண்டு வேலைகளைச் சொன்னோம்: மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸ் அப்டேட் செய்யுங்கள், கிராஷ் தொடர்ந்தால் வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோதும் இப்படித்தான். பயந்துபோய் புது லேப்டாப் வாங்காதீர்கள், பாதுகாப்பு அப்டேட்களை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வழி இருக்கிறது என்பதை முதலில் சொன்னோம்.

ரூபாயில் பேசுங்கள்

அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது. இங்கே பெட்டியில் அச்சிட்ட விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கும். டாலரை அப்படியே ரூபாயாக்கினால் கேட்பவர் தவறான பட்ஜெட் போடுவார். ரெக்கார்டிங்குக்கு முன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் இரண்டு பேரிடமாவது விலை விசாரித்துவிடுங்கள்.

உடன் பேசுபவரையும் நன்றாகப் பயன்படுத்துங்கள். எங்களில் ஒருவர் விளக்கும்போது மற்றவர் கேட்பவரின் இடத்தில் நின்று, “சரி, இதனால் எனக்கு என்ன?” என்று கேட்டாக வேண்டும். நிறுவனம் இலவசமாகத் தந்த பொருள் என்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு செய்தியையும் முடிக்கும்போது யார் வாங்கலாம், யார் பொறுக்கலாம், யாருக்குத் தேவையே இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றாவதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் பழைய லேப்டாப்பே இன்னும் சில வருடம் ஓடும் என்று கேட்டு ஒரு குடும்பத்தின் ஐம்பதாயிரம் ரூபாய் மிஞ்சினால், அந்த எபிசோட் தன் வேலையைச் செய்துவிட்டது.