தலைமையின் தனிமை

பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளிக்குச் சம்பளச் சனிக்கிழமை நெருங்கினால் தூக்கம் போய்விடும். கையில் பணமில்லை என்பதைத் தொழிலாளியிடம் சொல்ல முடியாது, வீட்டிலும் சொல்வதில்லை. நம் அறக்கட்டளைக்குக் கடன் கேட்டு வந்த சகோதரர் ஒருவரின் மனைவிக்கு, கையெழுத்துப் போட அழைத்தபோதுதான் விஷயமே தெரிந்தது. எட்டு மாதம் மறைத்திருக்கிறார். இதை ஸபூர் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்!

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். உம்ரா செய்யாமலே திரும்பும் துயரத்தில் ஸஹாபாக்கள் ஒருவரும் எழவில்லை. நபியவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சென்று நடந்ததைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் தங்கள் ஒட்டகத்தை முதலில் அறுத்து, முடி களைபவரை அழைக்குமாறு அன்னையார் யோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்ததைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது.

படை முழுவதும் அசையாமல் நின்ற நேரத்தில், அல்லாஹ்வின் தூதரே மனைவியிடம் மனம் திறந்தார்கள். நமக்கு என்ன கௌரவம் குறைந்துவிடும்?

இன்று இஷாவுக்குப் பிறகு கணக்கு நோட்டை வீட்டில் விரித்து வையுங்கள். வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் இரண்டையும் அவர்களும் பார்க்கட்டும். அதே தொழிலில் மூத்தவர் ஒருவரிடமும் மஷ்வரா செய்யுங்கள். எங்கள் அலுவலகத்துக்குக் கடன் மனுவோடுதான் வரவேண்டும் என்பதில்லை. சும்மா பேசவும் வரலாம்.