வேளாண் விற்பனைக் கல்வியும் சமுதாயக் கல்லூரிகளும்

விளைச்சல் பெருகினால் உழவர் வருவாயும் பெருகும் என்று கருதுவது இயல்பே. ஆயினும் வரத்து மிகுந்த நாளில் விலை சரிவதைக் கண்டவர்கள் அவ்வாறு எளிதில் கருதமாட்டார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தேவை என்பதை அரச வேளாண்மைக் குழு 1928ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. விளைபொருள்களைத் தரம் பிரித்து அக்மார்க் முத்திரையிடுவதற்கான சட்டம் 1937இல் பிறந்தது. சட்டமும் கூடமும் அமைந்தன. அவற்றில் பணியாற்றத் தக்க பயிற்சி பெற்றோர் போதிய அளவில் உருவாகவில்லை.

மேல்நிலைப் பயிற்சிக்கென ஜெய்ப்பூரில் தேசிய வேளாண் விற்பனை நிறுவனம் 1988இல் நிறுவப்பட்டது. ஆனால், களத்தில் எடைபோடுபவர், தரம் பிரிப்பவர், உற்பத்தியாளர் அமைப்பின் கணக்கையும் விற்பனையையும் கவனிப்பவர் ஆகியோருக்குக் குறுகிய காலப் படிப்பே ஏற்றது. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020இல் தொடங்கியபின் இத்தேவை மேலும் கூடிற்று. சமவெளிப் பகுதியில் ஓர் அமைப்பில் குறைந்தது 300 உறுப்பினர்கள் இருத்தல் வேண்டும். மேலாளர் செய்யும் ஒரு தவறு அத்தனை குடும்பங்களையும் தாக்கும்.

இவ்விடத்தில்தான் சமுதாயக் கல்லூரி பயன்படுகிறது. அமெரிக்காவில் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய இம்முறை, இந்தியாவில் புதுச்சேரியில் 1995இல் உருப்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகள் வகுத்த ஓராண்டுப் பட்டயத்தின் 60 மதிப்பலகுகளில் 36 தொழில்திறனுக்கும் 24 பொதுக்கல்விக்கும் உரியவை.

வெங்காயம் கற்பிக்கும் பாடம்

அந்த 36 அலகுகளில் எதைக் கற்பிப்பது? சோப்பு விளம்பரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடநூல் இங்கு அதிகம் உதவாது. மகாராட்டிரத்தின் லாசல்காவ் சந்தையில் வெங்காயம் விற்பதை எடுத்துக்கொள்வோம். ராபி பருவ வெங்காயம் ஏப்ரல், மே மாதங்களில் பெருமளவில் வந்து குவிகிறது. உடனே விற்பதா, மராத்தியில் ‘காந்தா சாள்’ எனப்படும் காற்றோட்டமான பட்டறையில் இருப்பு வைப்பதா?

குவிண்டால் விலை ரூ. 1,200 என வைத்துக்கொண்டால், 100 குவிண்டாலுக்கு ரூ. 1,20,000 கிடைக்கும். இருப்பில் அழுகல், முளைப்பு, எடைக்குறைவு ஆகியவற்றால் 25 குவிண்டால் போய்விட்டால், எஞ்சிய 75 குவிண்டாலை ரூ. 1,600க்கு விற்றால்தான் அதே தொகை வரும். விலை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தும் ஆதாயம் ஏதுமில்லை. வட்டி, கூலி, பட்டறைச் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால் நட்டமே. இதற்கிடையில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். இதைத் தாளில் போட்டுப் பார்க்கும் மாணவர், ‘பொறுத்து விற்றால் இலாபம்’ என்ற அறிவுரையை உறுப்பினர்களுக்குக் கண்மூடித்தனமாக வழங்கமாட்டார்.

விலைப்பட்டியலை மட்டும் நோக்குவதும் போதாது. மின்னணு தேசிய வேளாண் சந்தை 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டபின், தொலைவிலுள்ள வணிகர் பொருளைப் பாராமலே விலை கேட்க இயலும். அவர் நம்புவது தரச் சான்றையே. ஆதலின் மாதிரி எடுத்துத் தரம் மதிப்பிடுதல் இப்படிப்பின் உயிர்நாடியான பகுதி எனலாம்.

நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டியது கால அட்டவணை. ஏலம் நடக்கும் வேளையில் மாணவர் வகுப்பறையில் அமர்ந்திருந்தால் களப்பயிற்சி ஏட்டளவில் நின்றுவிடும். சனவரியில் தொடங்கும் ஆறுமாதச் சான்றிதழ்ப் படிப்பு ராபி வரத்தைக் காட்டும். சூலையில் தொடங்குவது இருப்புச் சரக்கின் இறுதியையும் காரிப் வரத்தின் தொடக்கத்தையும் காட்டும். ஓராண்டுப் பட்டயம் பயில்வோர் இவ்விரண்டையுமே காண்பர்.