நம்பிக்கை என்னும் நங்கூரம்

சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு பிற்பகல், ஒன்பதாம் வகுப்பில் மறைக்கல்விப் பாடம் நடந்துகொண்டிருந்தது. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்னும் மூன்று தேவ புண்ணியங்களையும் விளக்கிவிட்டு, நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக வேளாங்கண்ணியைக் கூறினேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, பேராலயத்திற்குள் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், ஆரோக்கிய அன்னை அவர்களைக் காத்தாள் என்று, நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதைப் போலவே நானும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், உள்ளே இருந்தவங்களை மாதா காப்பாத்தினாங்கன்னா, கரையில நின்னவங்களை ஏன் விட்டுட்டாங்க?"

குரலில் குறும்பு இல்லை. அவளுடைய பெரியம்மா, தாயாரின் உடன்பிறந்த அக்காள், அன்று காலையில் அலையோடு போனவள். இவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். வீட்டுச் சுவரில் மாலையிட்டு மாட்டியிருக்கும் படத்தில்தான் இவள் அவளைப் பார்த்திருக்கிறாள். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மணி எனக்கு உதவியாகவே வந்தது. அன்று சொல்ல முடியாமற் போனதை இந்த மலரில் எழுத முயல்கின்றேன்.

முதலில் நடந்ததை நினைவுகூர்வோம். அந்த ஞாயிறு, இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. இரண்டரை மணி நேரத்திற்குள் அலை நம் சோழ மண்டலக் கரையைத் தொட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதுவைப் பிரதேசத்தில் இறந்த ஏறத்தாழ 600 பேரில் பெரும்பாலோர் நம் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி, அக்கம்பேட்டை என்று ஊர் ஊராக ஒப்பாரி எழுந்தது. சுரக்குடியின் வயல்வரப்பில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் மீன்கூடை தூக்கி வந்து வாசலில் நின்று விலை பேசியவர்கள் அந்தக் கரை ஊர்க்காரர்கள்தாம். ஆகவே துக்கம் உள்நாட்டு ஊர்களுக்கும் நடந்தே வந்து சேர்ந்தது.

வேளாங்கண்ணியில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் திரளாக இருந்தனர். கடலாடிவிட்டுக் கோவிலுக்குப் போகலாம் என்று இறங்கியவர்கள் உண்டு. பூசை கண்டுவிட்டு இறங்கியவர்களும் உண்டு. கரையில் கடை போட்டிருந்த ஏழை வியாபாரிகள் உண்டு. நூற்றுக்கணக்கானோர் அங்கே இறந்தனர். இவர்களில் ஜெபமாலை சொல்லாதவர்கள், நேர்த்திக்கடன் இல்லாதவர்கள் என்று யாரைப் பிரித்துச் சொல்வது? பல மைல் தூரத்திலிருந்து அன்னையைத் தேடி வந்தவர்கள் அல்லரோ அவர்கள்?

மற்றொன்றையும் கவனியுங்கள். அதே காலையில் ஆழ்கடலில் வலை போட்டிருந்த மீனவர் பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நடுக்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இருப்பதில்லை. ஆழம் குறையும் கரையோரத்தில்தான் அது சுவராக எழும்புகிறது. ஆபத்தான கடலில் இருந்தவர் பிழைத்துத் திரும்பினார். பத்திரமான வீட்டில் இருந்த மனைவி மக்கள் இல்லை. பக்தியுள்ளவன் பிழைப்பான், பாவி அழிவான் என்ற கணக்கு இங்கே எந்த வழியிலும் ஒத்துவரவில்லை.

இந்தக் கணக்கை ஆண்டவரே மறுத்திருக்கிறார். லூக்காஸ் நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். சிலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி அங்கே வருகிறது. அவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று தாமே விடையும் தருகிறார். அதோடு, உயிரோடிருக்கும் நீங்கள் மனந்திரும்புங்கள் என்று பேச்சைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் கூறவில்லை. ஆண்டவரே கூறாத காரணத்தை மறைக்கல்வி ஆசிரியை கூற முனைவது தகாது. வகுப்பில் நான் கொடுத்த எடுத்துக்காட்டு பிழை என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றேன். பிழைத்தவர்கள் நன்றி சொல்வது முறை. ஆனால் அந்த நன்றியை இறந்தவர் வீட்டுக்காரர் மீது கல்லாக எறியலாகாது.

அப்படியானால் நம்பிக்கை என்பது என்ன?

நல்லதே நடக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதை நாம் நம்பிக்கை என்கிறோம். அது நல்ல குணமே. ஆனால் தேவ புண்ணியம் அன்று. நம்பிக்கைக்கு விரோதமான பாவங்கள் இரண்டு என்று திருச்சபை போதிக்கிறது. ஒன்று அவநம்பிக்கை, கடவுளால்கூட என்னைத் தூக்க முடியாது என்று விட்டுவிடுவது. மற்றது மட்டுமீறிய துணிவு. நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது. தேர்வுக்கு முந்திய மாலை வரை புத்தகத்தைத் திறவாமல் இருந்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு சிற்றாலயத்திற்கு ஓடும் நம் பிள்ளைகள் சிலருக்கு இரண்டாவது பாவம் நன்கு பழக்கம். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. மதிப்பெண் வரும்போது அவர்களுக்கு வருவதில்லை.

எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் நம்பிக்கையை நங்கூரத்திற்கு ஒப்பிடுகிறது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில், வேதகலாபனைக் காலத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரின் கற்களில் நங்கூரத்தைச் செதுக்கி வைத்தார்கள். சிலுவையை வெளிப்படையாகக் காட்ட முடியாத அந்நாளில் நங்கூரத்தின் வடிவத்திலேயே அவர்கள் சிலுவையைக் கண்டனர் என்று கூறுவதுண்டு. கல்லறையில் நங்கூரம் எதற்கு? படகு மூழ்கிவிட்டதாகத் தோன்றும் இடத்திலும் கயிறு அறவில்லை என்பதற்காக.

நங்கூரத்தைப் பற்றி நம் மீனவப் பெற்றோரைக் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். நங்கூரம் புயலை நிறுத்துவதில்லை. அலை அடிக்கத்தான் செய்யும், படகு ஆடத்தான் செய்யும். படகுக்குள்ளேயே கிடக்கும் நங்கூரத்தால் பயனில்லை. நம் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் அது பிடிக்கவேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. தண்ணீரின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு கயிறு மட்டும் விட்டால் நங்கூரம் நிற்காது; ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். அப்போதுதான் இழுவை பக்கவாட்டில் விழுந்து நங்கூரத்தின் நாக்கு தரையில் ஊன்றும். கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலையும் அதைப் பிடுங்கி எடுக்கும். இந்த மாதத்திற்குள், இந்த ஆண்டிற்குள் கேட்டது கிடைக்கவேண்டும் என்ற நம்பிக்கை குட்டைக் கயிறு. கிறிஸ்தவனுடைய கயிறு இவ்வுலக வாழ்வைக் கடந்தும் நீள்வது. அது பிடித்திருக்கும் தரை, மரித்து உயிர்த்த கிறிஸ்து. உயிர்த்த பின்பும் அவருடைய கைகளில் ஆணிக் காயம் இருந்தது. தோமையார் அதைக் கண்டார். பட்ட துன்பம் படாததாக ஆகிவிடவில்லை என்பதை மாணவியர் இங்கே கவனிக்கவேண்டும்.

இதற்கு உயிருள்ள சான்றாக ஒரு பெண்ணைக் காட்டலாம். 2007ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் நம்பிக்கையைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே அவர் நினைவுகூர்பவர் புனித ஜோசபின் பக்கித்தா. 1869ஆம் ஆண்டளவில் சூடான் நாட்டின் டார்பூரில் பிறந்த அவரைச் சிறுமியாக இருக்கையிலேயே கடத்திச் சந்தைகளில் விற்றனர். அச்சத்தில் தம் சொந்தப் பெயரையே மறந்துபோனார். பக்கித்தா என்பது கடத்தியவர்கள் இட்ட பெயர், பொருள் 'பாக்கியவதி'. அடிபட்ட தழும்புகள் 144 அவர் உடலில் இருந்தனவாம். இத்தாலி நாட்டிற்கு வந்த பின்னர், எஜமானர்களுக்கெல்லாம் மேலான எஜமானர் ஒருவர் உண்டென்றும், அவரும் அடிபட்டவர் என்றும், தம்மை அறிந்து தமக்காகக் காத்திருக்கிறார் என்றும் உணர்ந்தார். 1890இல் ஞானஸ்நானம் பெற்றுப் பின்பு கனோசியன் சபைக் கன்னியரானார். 1947இல் மரிக்கும்வரை பிறந்த குடும்பத்தை அவர் மீண்டும் காணவில்லை. இழந்தது திரும்பி வந்ததால் அவர் நம்பியவரல்லர். திரும்பி வராதபோதும் நம்பியவர்.

இனி நம் கரைக்கே திரும்புவோம். காரைக்கால் தாய்க் கோவிலின் அன்னைக்குத் தேற்றரவு அன்னை என்று பெயர். தேற்றரவு என்பது காரணம் சொல்வதன்று, கூட இருப்பது. சுனாமி நாட்களில் நம்பிக்கையைக் காப்பாற்றியவர்கள் விளக்கம் கொடுத்தவர்கள் அல்லர். சோறு பொங்கியவர்கள், பெயர் தெரியாத உடல்களுக்குக் குழி தோண்டியவர்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடை மாற்றியவர்கள். கோவில், தர்கா, மாதா கோவில் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. நாகூர் தர்காவும் கதவைத் திறந்து வைத்திருந்தது. வேளாங்கண்ணியில் பெருங்குழிகளில் அடக்கம் செய்யப்பட்டோருக்கு இன்று நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் பல மதத்தாரும் அங்கே கூடிச் செபிக்கின்றனர்.

2024ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமையில் புனிதக் கதவைத் திறந்து, நம்பிக்கையின் யூபிலி ஆண்டைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த 26ஆம் நாளோடு சுனாமிக்கு இருபது ஆண்டுகள் நிறைந்தன. அந்தத் தேதிப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது சொல்லப்படவேண்டும் என்பதற்காகவே இங்கே குறித்தேன்.

மறுவாரம் அந்த மாணவியை வராந்தாவில் சந்தித்தேன். "உன் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை அம்மா. நான் வகுப்பில் சொன்னதுதான் தவறு," என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "பெரியம்மாவுக்குப் பூசையில வேண்டிக்கலாமா டீச்சர்? அவங்க நம்ம வேதம் இல்லையே. அம்மா கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஞானஸ்நானம் வாங்கினாங்க," என்று கேட்டாள்.

இறந்தோர் அனைவருக்காகவும், எவருடைய விசுவாசத்தை இறைவன் ஒருவரே அறிவாரோ அவர்களுக்காகவும் திருச்சபை பலிபீடத்தில் மன்றாடுகிறது என்று சொன்னேன். பெயரை எழுதித் தரும்படி கேட்டேன். கணக்கு நோட்டிலிருந்து அரைத்தாள் கிழித்து, என் மேசையிலேயே வைத்து எழுதிக் கொடுத்தாள். பெயருக்கு எதிரே, நான் கேளாமலே, வயதையும் எழுதியிருந்தாள்: 17. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது.