மழைக்கு முன் பலகை, தை மாதத்தில் பெட்டி

புரட்டாசி வெயில் இன்னும் சில வாரம்தான். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் திருக்கடையூர்ப் பக்கம் பலகை காயாது. சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும், பங்குனி சித்திரையில் வேம்பும் பூக்கும். அதற்குள் தேனீப் பெட்டி தயாராக வேண்டுமென்றால் இப்போதே மரவாடிக்குப் போக வேண்டும்.

தேக்கு நல்லதுதான், விலைதான் கட்டாது. பலா, வாகை, பூவரசு எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருந்தால் போதும். மாம்பலகை மலிவு, ஆனால் பூச்சி அரிக்கும். பலகை 2 செ.மீ. கனம் இருக்கட்டும். வாங்கியதும் இடையிடையே ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு அறுத்து அடித்த பெட்டி சித்திரையில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும்.

அந்த இடுக்கை அலட்சியமாக விடக்கூடாது. இத்தாலியத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து இடுக்கை அடைத்துவிடும். நம்மூர் அடுக்குத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் அந்த வழியாகத்தான் நுழையும்.

மரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், உள்ளளவில் கூடாது. வீடியோ பார்த்து லாங்ஸ்ட்ராத் பெட்டி செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அது பெரிய கூட்டம் கட்டும் இத்தாலியத் தேனீக்கானது. அடுக்குத் தேனீக்கு ஏற்றது, 1911-17 காலத்தில் தென்னிந்தியாவில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த சிறிய பெட்டி. புழு அறையில் ஏழு சட்டங்கள்; ஒவ்வொன்றின் உள்ளளவும் ஏறக்குறைய 20½ × 14½ செ.மீ. தேன் அறைச் சட்டத்தின் உயரம் அதில் பாதிக்கும் குறைவு.

சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 7 முதல் 9 மி.மீ. இடைவெளி வேண்டும். கூடினால் அங்கேயும் அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். குறைந்தால் தேனீ நுழைய முடியாது. 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கவனித்த இந்த இடைவெளிதான் இன்றைய பெட்டிகளுக்கெல்லாம் அடிப்படை.

ஆசாரிக்குத் தாளில் அளவு எழுதிக் கொடுப்பதைவிட ஒரு மாதிரிச் சட்டத்தையே கையில் கொடுப்பது மேல். ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பிய மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தாலும் சரி. தரங்கம்பாடிக் கடல்காற்றுக்குச் சாதா ஆணி துருப்பிடிக்கும், துத்தநாகம் பூசியது வாங்க வேண்டும். பெயின்ட் வெளிப்புறத்துக்கு மட்டும். வாடை போன பிறகே கூட்டத்தைக் குடியேற்ற வேண்டும்.