பெருங்குடல் நுண்ணுயிர்களும் நம் கடைச் சரக்கும்

மளிகைக் கடைக்காரருக்கு வயிற்றுப் பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

2024 கோடையில் என் பேத்திக்குப் பேதி கண்டது. வயது நான்கு. என் கிடங்கில் பெட்டி பெட்டியாகப் பழச்சுவைப் பானம் இருந்தது. மேலுறையில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நம் சரக்குதானே என்று ஒரு பகல், ஓர் இரவு அதையே கொடுத்தோம். பேதி கூடியதே தவிர குறையவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் செவிலியர் அம்மா, மருமகள் பையிலிருந்த டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது சர்க்கரைத் தண்ணிங்க ஐயா, மருந்து இல்ல. இனிமே குடுக்காதீங்க” என்றார். சரியான உப்புக் கரைசல் கொடுத்ததும் இரண்டு நாளில் பிள்ளை எழுந்து விளையாடினாள். நான் வீட்டுக்கு வந்து விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினேன். ஊத்தங்கரையைச் சுற்றி 31 கடைகளுக்கு அந்தச் சரக்கைப் போட்டிருந்தேன்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். எனக்குப் பள்ளிப் படிப்புதான். புரியாத இடங்களை உறவினரான ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் சிறுகுடல். பேதியில் உடம்பு இழப்பது தண்ணீரும் உப்பும். வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது, உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தாலும் போதாது. குளுக்கோஸ் சிறிது சேர்ந்தால் அது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு குடல் சுவருக்குள் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த அடிப்படையில் பிறந்ததுதான் உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து, நோயாளிகளின் உறவினரையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்கு இருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

இங்கே அளவுதான் உயிர். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். நாம் விற்கிற சாதாரண இனிப்புப் பானத்தில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால், உடம்பிலுள்ள தண்ணீரையும் குடல் பக்கம் இழுத்துவிடும். என் பேத்திக்கு நடந்தது இதுதான்.

இந்தக் கரைசலிலும் ஒரு குறை இருந்தது. உயிரைக் காப்பாற்றும், ஆனால் பேதியை நிறுத்தாது. போகிற தண்ணீருக்கு ஈடு கட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். தாய்மாருக்கு இதில் நம்பிக்கை குறைவதற்கும் அதுவே காரணம்.

அந்தக் குறைக்கு வழி தேடிய ஆய்வு நம் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. நம் ஊர்க்காரர்கள் சிங்காரப்பேட்டை, திருப்பத்தூர் வழியாகப் பஸ் ஏறிப் போகும் அதே ஆஸ்பத்திரிதான். அங்கே குடல் நோய்த் துறையிலிருந்த டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் முதலியோருடன் சேர்ந்து செய்தது. 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அவர்கள் சிறுகுடலை விட்டுப் பெருங்குடலைப் பார்த்தார்கள். காலரா தாக்குவது சிறுகுடலை. அடுத்த கட்டில் பெருங்குடல் இருக்கிறது, அதற்கும் தண்ணீரை உறிஞ்சும் வலு உண்டு. அதை வேலை வாங்க என்ன வழி? அங்கேதான் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் மாவுச்சத்து அவற்றுக்குத் தீனி. அதைப் புளிக்கவைத்து அவை சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. ஒன்று அசிட்டிக் அமிலம், நாம் பாட்டிலில் விற்கிற காடியில் இருப்பது. இன்னொன்று பியூட்டிரிக் அமிலம், வெண்ணெய் கெட்டால் அடிக்குமே ஒரு வாடை, அது இதனுடையதுதான். மூக்குக்கு ஆகாத அந்தச் சரக்குதான் பெருங்குடல் சுவருக்கு முக்கியமான உணவு. இந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது சோடியமும் தண்ணீரும் கூடவே உள்ளே போய்விடும்.

காலரா கண்ட 48 பேரை, பதின்வயதினரும் பெரியவர்களுமாக, பதினாறு பதினாறாக மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல் மட்டும். இரண்டாவதற்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்து, அதுவும் 50 கிராம். வழக்கமான கரைசலில் பேதி சராசரி 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவில் 71 மணி. மூன்றாவது பிரிவில் 57 மணி. ஒன்றரை நாள் மிச்சம் என்பது காலரா நோயாளிக்குச் சின்ன விஷயமா? மருந்து மாத்திரை எதுவும் புதிதாகச் சேர்க்கவில்லை. குடலிலே ஏற்கெனவே இருந்த உயிர்களுக்குத் தீனி போட்டார்கள், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் நம் கடைக் கார்ன்ஃபிளவரைக் கரைத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டாம். அது வேறு. ஆய்வுக்கு எடுத்தது அமைலோஸ் என்ற பகுதி மிகுந்த தனி ரகச் சோளத்தின் மாவுச்சத்து.

அன்றாடச் சாப்பாட்டுக்கு வந்தால் நம்மிடமே சரக்கு இருக்கிறது. வடித்த சோறு ஆறிக் குளிரும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் வரை போகும். பழைய சோற்றில் நடப்பது இதுவும், கூடவே இரவில் நடக்கும் புளிப்பும். வாழைக்காய், தோல் நீக்காத பயறு, ராகி எல்லாம் நுண்ணுயிர்களுக்குத் தீனி தருபவை. நம் மாவட்டத்துக் களியும் மொச்சைக் குழம்பும் இந்தக் கணக்கில் மோசமில்லை. அதற்காக ராகி மால்ட் என்று பாதிக்குப் பாதி சர்க்கரை கலந்து வருகிறதே, அதையும் இதோடு சேர்த்துப் பேசி விற்காதீர்கள். ‘புரோபயாடிக்’ தயிர், பானம் வாங்கி வைப்பவர்கள் மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃபிரிட்ஜை அணைக்கக் கூடாது. உள்ளே இருப்பது உயிர், சூட்டில் எண்ணிக்கை குறைந்துவிடும்.

சைவ உணவுக்கார நண்பர்களுக்காக இன்னொன்று. 1980-ல் அதே வேலூரிலிருந்து ஆல்பர்ட், மாதன், பேக்கர் என்ற மூவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் உள்ள சில நுண்ணுயிர்கள் பி-12 வைட்டமினைத் தயாரிக்கின்றன என்று கண்டிருந்தார்கள். இதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பால், தயிர்கூடச் சரியாகச் சேர்க்காத சைவர்களிடம் பி-12 குறைவு அதிகம்.

இனி சட்டம். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பழச்சாறு, குடிக்கத் தயாரான பானம் போன்றவற்றின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லை முன்னாலோ பின்னாலோ ஒட்டுச் சேர்த்தும்கூடப் போடக் கூடாது. 2022-லும் 2024-லும் கொடுத்திருந்த அனுமதி ரத்தாகிவிட்டது. அப்படிப்பட்ட பழைய சரக்கு எவர் கடை மூலையிலாவது கிடந்தால் அலமாரியிலிருந்து இறக்கித் தனியே வைத்து, அனுப்பியவருக்கே திருப்புங்கள். நான் போட்ட கடைகளுக்கு நானே ஆள் அனுப்பி, மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டேன். முதல் நஷ்டம்தான்.

பேதிக்கு ஏதாவது கொடுங்கள் என்று தாய் ஒருவர் கல்லா முன் வந்து நின்றால், பானத்தை எடுத்து நீட்டாதீர்கள். மருந்துக் கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மேலே சொன்ன அளவு அச்சிட்ட பொட்டலம் கேட்கச் சொல்லுங்கள். சுகாதார நிலையத்தில் அது இலவசம், துத்தநாக மாத்திரையும் தருவார்கள். அதுவரை காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் தலை தட்டிய சின்ன ஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை ஸ்பூன் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டுக் கொடுங்கள்.